கூட வந்தவர்

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். கதவோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா சிஸ்டர். உள்ளே எடுக்கிற சதைத் துண்டுகளை வாங்கிப் போய்ப் படம் பிடிக்கும் ஆராய்ச்சிப் பெண் நிலோஃபர். வாளியும் மாப்பும் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற துப்புரவு அம்மா. காதை மூடிக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்த ரிட்டயர்டு தாசில்தார், அவரை அழைத்து வந்திருந்த மகன். வெள்ளகோவிலில் தறி ஓட்டும் செங்கோடன், அவருடைய சம்சாரம் பாவாயி. ஏழு. டாக்டர் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. எங்கே போனாலும் எனக்கு முதலில் ஆட்களை எண்ணிவிட வேண்டும், எண்ணி முடித்த பிறகுதான் உட்கார இடம் தேடத் தோன்றும். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போதும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், காலையில் வெறும் வயிறாக, இப்போது மடியில் தண்ணீர் பாட்டிலோடு, நடுவில் உள்ளே போய்ப் படுத்து எழுந்து வந்தாயிற்று. வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு அவிழ்க்க மறந்து போன மாதிரி ஓர் இறுக்கம். சிஸ்டர் சொல்லியிருப்பது இரண்டு. ஒன்று, ஒண்ணுக்குப் போக வேண்டும், சிவப்பாகத்தான் வரும், பயப்படக் கூடாது, ஆனால் வராமல் அனுப்ப மாட்டார்கள். இன்னொன்று, கூட வந்தவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை. பாட்டிலில் பாதி குடித்திருக்கிறேன். குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, வயிற்றில் நிற்கிறது, அடிவயிற்றில் நிற்கிறது, வெளியே வர மட்டும் வெட்கப்படுகிறது, என்னைப் போலத்தானே இருக்கும். கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டு நின்றால் கதவுக்கு வெளியே துப்புரவு அம்மாவின் வாளி நகர்கிற சத்தம் கேட்கிறது. உடனே எல்லாம் நின்றுவிடுகிறது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு வராது. அதை யாரிடம் சொல்ல முடியும், சிஸ்டரிடமா.

வராங்க, பஸ்ல வந்துட்டு இருக்காங்க என்றுதான் காலையில் சொன்னேன். சிஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "கூட வந்தவர் பேர் சொல்லுங்க ஐயா" என்று கேட்டார். படிவத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே அர்த்தநாரி என்று என் பேர் இருந்தது, வயது இருந்தது, ஊர் நாமக்கல் பக்கம் என்று இருந்தது, அந்த ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. வராங்க என்றால் யார் வராங்க? யாரும் வரவில்லை. கோயமுத்தூரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சலவைத் துண்டு. தம்பி சம்சாரம் வாசலில் நின்று, "மாமா, பொண்ணு வூட்டுக்காரங்க பலகாரம் குடுத்தா எடுத்துட்டு வாங்க, அங்கயே சாப்பிட்டுட்டு வந்துறாதீங்க" என்று சிரித்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது? புராஸ்டேட் என்று சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்பாள். எங்கே இருக்கிறது என்று எனக்கே போன மாதம்தான் தெரியும். "பயாப்சிக்கு அட்டெண்டர் இல்லாம உள்ள விட மாட்டோம், தெரியும்ல, போன தடவையே சொன்னோம்ல" என்றார் சிஸ்டர். போன தடவையும் இப்படித்தான் தனியாக வந்து, இன்னொரு நாள் வாங்க என்று திருப்பி அனுப்பப்பட்டேன். எழுந்து போய்விடலாம் என்று துண்டை எடுத்தேன். அப்போதுதான் பாவாயி, யார் என்னவென்று தெரியாத அந்தப் பெண், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நான் இருக்கறனுங்க அவியளுக்கு, எங்கண்ணன்னு எழுதிக்கங்க" என்றாள். செங்கோடன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பாக்கறீங்க, உங்களுக்கு ஒரு மச்சான் கெடச்சுட்டாரு, வணக்கம் சொல்லுங்க" என்றாள். அவர் உண்மையாகவே கை கூப்பினார். சிஸ்டர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, பாவாயி, உறவு தங்கை என்று எழுதினார். எனக்குத் தங்கையே கிடையாது. ஒரு தம்பி உண்டு. இல்லாத தங்கை பேர் அந்தக் கோட்டில் ஏறியது, இருக்கிற தம்பி பேர் ஏறவில்லை.

இடது பக்கம் திரும்பிப் படுங்க, முழங்காலை நெஞ்சுக்கு மடக்குங்க, மூச்சை இழுக்காதீங்க. சுவரில் ஓர் ஆணி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜில்லென்று எதையோ தடவினார்கள். சத்தம் வரும், பயப்படாதீங்க என்று டாக்டர் முதலிலேயே கையிலிருந்த ஊசிக் கருவியை வெற்றாக ஒரு முறை அழுத்திக் காட்டினார். டக். ஸ்டேப்ளர் அடிப்பது போல. அப்புறம் நிஜமாகவே டக். எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன். எண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும். வழக்கமாகப் பன்னிரண்டு துண்டு எடுப்பார்கள், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. அதற்கு மேல் இரண்டு ஆராய்ச்சிக்கு, கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், கொடுக்கவில்லை என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று நிலோஃபர் முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். நான் சரி என்று உடனே சொல்லிவிட்டேன். முட்டை குடோனில் வேலை செய்தவனுக்கு அது பழக்கம்தான், லாரி ஏற்றும்போது உடைசலுக்கு என்று கணக்குக்கு மேலே நாலு முட்டை வைத்துத்தான் அனுப்புவோம். ஆனால் ஆறாவது டக்குக்கு அப்புறம் கணக்கு எங்கேயோ கழன்றது. என் உடம்பை இதுவரை யார் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்திருப்பாள். அப்புறம் யாரும் இல்லை. பெண் பார்க்க ஒரே ஒரு முறை மோகனூருக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பெண் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றது. தட்டில் பதினோரு பஜ்ஜி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன், அந்தப் பெண்ணுக்கு மூக்குத்தி இருந்ததா என்று கேட்டால் தெரியாது. தலையைத் தூக்கவே முடியவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அப்புறம் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று, அவனுக்குப் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள், நான் பக்கத்து அறையில் இருந்தேன், டக். என்னைத் தொட்டவர்கள் எல்லாரும் கையுறை போட்டிருந்தார்கள். ரப்பர் வழியாக வருகிற சூடுதான் மனுசச் சூடு என்றால், அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "இன்னும் ரெண்டுதான் ஐயா, ஆராய்ச்சிக்கு. வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம்" என்றது டாக்டர் குரல். எடுங்க என்று ஆணியைப் பார்த்துச் சொன்னேன். டக், கொஞ்ச நேரம், டக்.

நூல் மாதிரி இருந்தது. சிஸ்டர் உள்ளறைக் கதவைத் திறந்தபோது நிலோஃபர் ஒரு சின்னத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள், அதில் ஈரத் துணி மேல் இரண்டு வெளிறிய நூல், நகத்தின் நீளம்தான் இருக்கும். அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அவள் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, "பாக்கறீங்களா ஐயா? உங்களோடதுதானே" என்று பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள். சிஸ்டர் என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போய் நாற்காலியில் விட்டார். நிலோஃபர் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி ஏதோ சொட்டு சொட்டாக அந்த நூல் மேல் விட்டாள், கண்ணாடியில் வைத்தாள், விளக்கை அணைத்தாள். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு நாடு வந்தது. ஆமாம், நாடுதான், மேலே இருந்து பார்க்கிற மாதிரி, குளங்கள், குளங்களைச் சுற்றி ஊதா நிறத்தில் வீடுகள், நடுவே வரப்புகள். பெரிசாக்கினால் குளம் ஒவ்வொன்றும் ஓரம் நெளிந்த பூ. நான் முட்டை பார்த்த கதையை அவளிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆறு மாதமாக யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. தகர டப்பாவுக்குள் பல்பு, டப்பாவில் காசளவு ஓட்டை, இருட்டில் முட்டையை அதன் முன் பிடித்துத் திருப்பினால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக நகரும், இரத்தப் புள்ளி இருந்தால் தெரியும், உடைக்க வேண்டியதில்லை. "எங்களுக்கும் அதே ஆசைதான் ஐயா" என்றாள். "அறுத்து, சாயம் போட்டு, கண்ணாடியில ஒட்டிப் பாக்க அஞ்சாறு நாளாகுது. இந்த மிஷின்ல அறுக்காமலே அப்பவே பாக்க முடியுமான்னுதான் பாத்துட்டிருக்கோம். முடிஞ்சா உங்கள மாதிரி வர்றவங்க ரிசல்ட்டுக்காக வாரக்கணக்கா தூங்காம இருக்க வேண்டாம்." அப்போ இதில் கெட்டது எது என்று கேட்டேன். "அது எனக்குச் சொல்லத் தெரியாது ஐயா. சொல்லவும் கூடாது. இந்தப் படம் ஆராய்ச்சிக்கு மட்டும், உங்க ரிசல்ட்ட டாக்டர்தான் சொல்வார்." சொல்லிவிட்டுப் படத்தை நகர்த்தினாள். ஒரு மூலையில் குளங்களே இல்லாமல் ஊதா நிறம் மட்டும் அடர்த்தியாக, சந்தைக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அங்கே நிறுத்தினாள். பெரிசாக்கினாள். ஒரு படம் எடுத்தாள். அப்புறம் அதே இடத்தில் இன்னொரு படம். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டாள். அங்கே மட்டும் ஏன் இரண்டு?

அங்கே மட்டும் ஏன் இரண்டு. கை ஆடியிருக்கலாம், முதல் படம் கலங்கியிருக்கலாம். விளக்கு போட்டதும் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் பேனா தேடிக்கொண்டிருந்தாள். முட்டையென்றால் எனக்குத் தெரியும், நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம், கை தானாகப் போகும். இது எனக்குத் தெரியாது. அந்த நெருக்கம் நல்ல நெருக்கமா கெட்ட நெருக்கமா, தெரியாது, என் உடம்புதான், எனக்குத் தெரியாது. மீதி சதையை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பனிக்கட்டியை விடக் குளிரான பெட்டியில் வைப்போம், வருசக்கணக்கில் இருக்கும், பேர் எழுத மாட்டோம், நம்பர் மட்டும்தான் என்றாள். நம்பர் என்றதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான் போன பிறகும் என்னில் நூலளவு கோயமுத்தூரில் குளிரில் கிடக்கும். பக்கத்தில் தாசில்தாரின் நூல் இருக்கும், செங்கோடனின் நூல் இருக்கும், அவர்களும் சம்மதித்திருந்தால். ஒன்றோடொன்று பேசாது. அதுவும் பரவாயில்லை, இப்போது மட்டும் யார் பேசுகிறார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தாசில்தாரின் மகன் எழுந்து என் பக்கம் வந்து, "ஐயா, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரேன், எத்தனை பேர் இருக்கோம், கொஞ்சம் எண்ணுங்க" என்றான். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, காலையிலேயே எண்ணியாயிற்று. ஏழு என்றேன். தட்டில் ஏழு காகிதக் குவளை வந்தது. சிஸ்டர், நிலோஃபர், துப்புரவு அம்மா, அப்பா, மகன், செங்கோடன், பாவாயி. தட்டு காலியாயிற்று. மகன் என் முன்னால் காலித் தட்டோடு நின்றான். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு?" என்று பாவாயி எட்டிப் பார்த்தாள். நான் சேர்க்கலைங்க என்றேன். "அடக் கடவுளே, எண்ணினவரே எண்ணிக்கையில இல்லையா" என்று அவள் சிரித்தாள், தாசில்தார்கூடக் குல்லாயைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. குடோனிலும் அப்படித்தான், சுமை தூக்குகிறவர்களுக்கு டீ சொல்லச் சொன்னால் ஆட்களை எண்ணிச் சொல்லுவேன், டீ வரும், எனக்கு இருக்காது. முதலாளி முதலில் திட்டினார், அப்புறம் நான் டீ குடிக்க மாட்டேன் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள். எனக்கு டீ பிடிக்கும். பாவாயி தன் குவளையில் பாதியை டிபன் டப்பா மூடியில் ஊற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சூடு தொண்டையில் இறங்கியது.

முதலில் தாசில்தார் போனார். அவருக்குச் சீக்கிரமே ஆகிவிட்டது, கழிப்பறையிலிருந்து வெளியே வந்து தேர்வில் பாஸான பையன் மாதிரி மகனைப் பார்த்துத் தலையாட்டினார், மகன் சால்வையைப் போர்த்தி அழைத்துப் போனான். அப்புறம் செங்கோடன். "மச்சான், போனா பயப்படாதீங்க, செம்பருத்திப் பூவைக் கசக்கி ஊத்துன மாதிரிதான் வருது" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாவாயி பையை எடுத்துக்கொண்டாள், எடுத்தவள் என்னைப் பார்த்து நின்றாள். சிஸ்டரும் அவளைப் பார்த்தார். "நீங்க போறீங்கன்னா இவரையும் கூட்டிட்டுப் போங்க, நீங்கதானே அட்டெண்டர்" என்றார். "ராத்திரி குளிர் காய்ச்சல் வரலாம், சிலருக்கு வரும். வந்தா உடனே கூட்டிட்டு வரணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. யாரு கூட்டிட்டு வருவா? அந்தக் கையெழுத்துதான் இது." பாவாயி பேனாவை வாங்கினாள். போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன், போட்டுவிட்டால் நான் பஸ் ஏறிவிடலாம், கல்யாணம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். "உள்ள போறதுக்குப் போட்டா அது உதவிங்கண்ணா. இது அப்படியில்ல. நடுராத்திரி உங்களுக்கு ஒடம்பு தூக்கிப் போட்டா நான் வெள்ளகோவில்ல என்ன பண்றது? இது கூட இருக்கறவங்க போட வேண்டியது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "யாருமே இல்லீங்களா?" இருக்கிறான் என்றேன். "அப்பக் கூப்பிடுங்க" என்றாள். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று செங்கோடன் வாசலிலிருந்து கை காட்டினார். போகும்போது அவள் என் தோளைத் தொட்டாள். கையுறை இல்லாமல்.

இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு இரண்டாவது முறை. நிலோஃபர் ஆராய்ச்சிக் கேள்விகள் கேட்டபோதும் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள், ஒரு தம்பி என்றேன். அவருக்கு இந்த மாதிரித் தொந்தரவு உண்டா என்று கேட்டாள், தெரியாது என்றேன். தெரியாதா எனக்கு? இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி அவன் கட்டில் முனகும், செருப்பு தேய்க்கும், கழிப்பறைத் தாழ்ப்பாள் விழும். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இருக்காது, அந்த ஒன்றுமில்லாததை நான் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டு காத்திருப்பான், வராது. என்னைப் போலவே. அவன் படுத்த பிறகு நான் எழுந்து போவேன், அவன் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை நான் கேட்டது போல என் தாழ்ப்பாளை அவன் கேட்டிருப்பான், காலையில் இருவரும் ஒன்றுமே நடக்காத மாதிரி பேப்பர் படிப்போம், மழை வருமா என்று பேசுவோம். "அண்ணன் தம்பிங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி ஐயா. உங்க ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, அவரையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, சொல்வீங்கல்ல?" என்றாள். சொல்றேன் என்று தலையாட்டினேன். எப்படிச் சொல்வது? சொன்னால் நான் இங்கே வந்ததைச் சொல்ல வேண்டும், முழங்காலை மடக்கிப் படுத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் இருட்டில் நின்றுகொண்டே இருப்பான். அந்த மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது அவனுக்குள்ளும் இருக்குமோ, இப்போது, இந்த நிமிடம், அவன் எங்கேயாவது வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்போது. அங்கே மட்டும் ஏன் இரண்டு படம். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்றா. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. துப்புரவு அம்மா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டாள். நிலோஃபர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "வரேன் ஐயா, முட்டை விஷயத்த எங்க மேடம்கிட்ட சொன்னேன், ரொம்ப ரசிச்சாங்க" என்றாள். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பார்த்துப் போங்கம்மா என்றேன்.

போனில் அவன் நம்பர் முதலில் இருக்கிறது. அழுத்தினால் போதும். அழுத்தினேன், ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"என்னண்ணா, பந்தி முடிஞ்சுதா?"

"நாச்சிமுத்து."

"சொல்லு."

"நான் கல்யாணத்துக்கு வரலடா."

அந்தப் பக்கம் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். அதை யாரோ நிறுத்தினார்கள்.

"தெரியும்" என்றான். "மொய்க் கவர மேசைமேலயே வெச்சுட்டுப் போயிட்டயே. நீ எங்க போனாலும் பஸ் டிக்கெட்டக்கூட மடிச்சு வெச்சுக் கொண்டாறவன். கவர மறந்துட்டுக் கல்யாணத்துக்குப் போவியா நீ? காலையிலிருந்து போனக் கையில வெச்சுட்டுத்தான் உக்காந்துருக்கறேன்."

"அப்ப நீ கூப்பிட்டிருக்கலாமில்ல."

"நீ சொல்லாதத நான் எப்படிண்ணா கேக்கறது?"

ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, கேட்கட்டும் என்று நான் கொஞ்சம் காத்திருந்தேன், அப்புறம் நானே, ஒண்ணுக்குப் போற எடத்துல சதை எடுத்துப் பாத்துருக்கறாங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் கூடத்தில் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மூச்சு விடுகிறது கேட்டது. "வந்தர்றேன். மூணு மணி நேரமாவது ஆகும். என்ன வாங்கியாறட்டும்?" ஒண்ணும் வேண்டாம், வெறுங்கையோட வா என்றேன். வைத்த பிறகும் போனை மூடாமல் கையிலேயே வைத்திருந்தேன், சூடாக இருந்தது.

அப்புறம்தான் வந்தது. எழுந்து போய்த் தாழ் போட்டேன், வெளியே வாளிச் சத்தம் இல்லை, ஆணி மாதிரி பார்ப்பதற்கு எதுவும் இல்லை, சுவரில் ஒரு பல்லி. நின்றேன். எதையும் எண்ணவில்லை என்று நினைக்கிறேன். முதலில் சுருக்கென்று ஓர் எரிச்சல், அப்புறம் செங்கோடன் சொன்ன நிறம். முட்டையில் இரத்தப் புள்ளி இருந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுவோம், லாரியில் ஏற்ற மாட்டோம். இதை எங்கே எடுத்து வைப்பது. பயப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், பயப்படவில்லை, தண்ணீரை மட்டும் மூன்று தடவை ஊற்றினேன். சிஸ்டரிடம் வந்து, ஆச்சுங்க என்றேன். "நல்லது, ஒரு வேலை முடிஞ்சுது" என்று டிக் அடித்தார். இன்னொரு வேலைக்காக உட்கார்ந்தேன். சன்னல் வழியாக எதிர்ச் சுவரில் வெயில் ஏறி ஏறி மேலே போனது. ஒன்பது நாளில் ரிசல்ட் வரும். நல்லதாக இருக்கலாம். நெருக்கமாக இருப்பதெல்லாம் கெட்டதா என்ன, அட்டையில் முப்பது முட்டையும் நெருக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். கை ஆடியிருக்கலாம். கை ஆடியிருந்தால் முதல் படத்தை அழித்திருப்பாள், அழித்தாளா, பார்க்கவில்லை. அடுத்த முறை பார்த்தால் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

நாச்சிமுத்து உள்ளே வந்தபோது அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, இருவரும் எதிரே இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தோம். சிஸ்டர் படிவத்தில் தங்கை என்பதை அடித்துவிட்டுத் தம்பி என்று எழுதினார். "காலையில தங்கச்சி, சாயங்காலம் தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா சித்தப்பா வருவாரு போல" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டான், அவன் எப்போதும் போடுவது போலப் பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே வரைக்கும். டியூட்டி மாறுகிறது, மருந்துச் சீட்டை அடுத்த சிஸ்டர் கொடுப்பார், அதுவரை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் கைப்பையை எடுத்துக்கொண்டார். நாச்சிமுத்து எழுந்து, இந்தா வந்தர்றேன் என்று கழிப்பறைக்குள் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. இந்தச் சுவரும் மெல்லிசுதான். வெளியே வந்து உட்கார்ந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ராத்திரி எத்தனை தடவடா?" என்றேன்.

"என்ன எத்தனை தடவ?"

"எந்திரிக்கறது."

துடைப்பதை நிறுத்தினான். "நீதான் எண்ணுவியே."

"நாலு."

"அஞ்சு" என்றான். "ஒண்ணுக்கு நீ தூங்கியிருப்பே."

"ரிசல்ட் வாங்க வர்றபோது நீயும் வர்றே. உனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். உனக்குக் கூட நான் இருக்கறேன்."

அவன் தலையாட்டினானா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. எழுந்து சட்டைப்பையைத் தடவினான். "டீ வாங்கியாறேன். எத்தனைண்ணா?"

நான் கூடத்தைப் பார்த்தேன். தாசில்தார் போயாயிற்று, மகன் போயாயிற்று. செங்கோடன், பாவாயி இந்நேரம் வெள்ளகோவிலில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். துப்புரவு அம்மா, நிலோஃபர், ஜெசிந்தா சிஸ்டர். காலையில் எண்ணிய ஏழு பேரில் ஒருவரும் இல்லை. ஏழும் போயாயிற்று, புதிதாக வந்தது தம்பி, ஒன்று. ஒன்று என்று சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். அப்புறம் நான்.

மீதி இரண்டு.